ஒன்பது என்றால் ஒன்பதேகால்

"நீ டாக்டரானா நோயாளிகிட்ட எப்படிடி பேசுவ? சீட்டுல எழுதி நீட்டுவியா?"

ஹெட்விக் இதைக் கேட்டபோது வேதியியல் மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். இல்வாவும் சிரித்தாள். சிரிக்காமல் நின்றால் எல்லார் கண்ணும் தன் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கையில் இருந்த குடுவையில் நீலம் மஞ்சளாக மாற வேண்டிய நேரம் அது. சிரித்த நேரத்தில் ஒரு சொட்டு கூடுதலாக விழுந்து எல்லாம் கெட்டது. முதலிலிருந்து மறுபடி செய்தாள். ஹெட்விக் தன்னுடையதை எப்போதோ முடித்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி காபி குடிக்கப் போயிருந்தாள்.

ஹார்னோசாண்ட் என்ற கடலோர ஊரில், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது அந்தப் பள்ளி. சிறு வயதில் படிப்பை விட்டவர்களும், வேறு வேலையில் சலித்துப் போனவர்களும் மறுபடி வந்து பெஞ்சில் உட்காரும் இடம். இல்வா முதல் வகை. பதினேழு வயதில் ஒரு நாள் அவள் வகுப்புக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. அன்று காலை பேருந்தில் ஏறியவள் பள்ளி நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாளும் அப்படியே. பிறகு பேருந்தில் ஏறுவதையே விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் அவளுக்கு வேலை கிடைத்தது மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில். யாருடனும் அதிகம் பேச வேண்டாத வேலை. மருத்துவர்களின் வெள்ளைச் சட்டைகள் மலைமலையாக வரும். இயந்திரத்தில் போடுமுன் பைகளைத் துழாவிப் பார்க்க வேண்டும். பேனா கிடைக்கும், ஒட்டிப்போன மிட்டாய் கிடைக்கும். ஒரு முறை ஒரு சின்ன ரப்பர் சுத்தியல் கிடைத்தது. அதைத் திருப்பி அனுப்புமுன் கழிப்பறையில் உட்கார்ந்து தன் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தாள். கால் தானாகத் துள்ளியது. இன்னும் ஒரு தடவை தட்டினாள். மறுபடி துள்ளியது. இந்தச் சட்டைகளைத் துவைத்து மடித்து அனுப்புகிறோம், யாரோ அதை மாட்டிக்கொண்டு போய் ஊரார் முழங்காலையெல்லாம் தட்டுகிறார்கள் என்று நினைத்தபோது வயிற்றில் ஏதோ புளித்தது. இரக்கம், சேவை என்று மற்றவர்கள் காரணம் சொல்வார்கள். இல்வாவை மருத்துவப் படிப்பின் பக்கம் தள்ளியது அந்தப் புளிப்புதான்.

முப்பத்தியோரு வயதில் சேர்ந்தாள். காலையில் சலவைக்கூடம், மாலையில் பள்ளி. கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஹெட்விக் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரும்வரை.

ஹெட்விக் ஆல்ம்கிரேன் வங்கியில் கடன் பிரிவுக்குத் தலைவி. பாறை மேல் கடலைப் பார்த்த வீடு. சமையலெல்லாம் கணவன் துரேதான். மதியச் சாப்பாட்டைக்கூட அவனே கட்டிக் கொடுப்பான், அதன் மேல் ஒரு துண்டு எலுமிச்சை வைத்து. அந்த எலுமிச்சைத் துண்டைப் பார்த்தால் இல்வாவுக்குத் தன் மொறுமொறு ரொட்டி தொண்டையில் இறங்காது. ஹெட்விக் சின்ன வயதிலேயே பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவள், நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவள். மருத்துவத்துக்கு மனுப் போட அவளுக்குப் பாக்கி இருந்தது இரண்டு பாடங்கள்தான். அவற்றையும் ஏதோ மழைக்கு ஒதுங்கிய மாதிரி வந்து முடித்துக்கொண்டிருந்தாள்.

அவளை வெறுத்துவிட முடிந்திருந்தால் இல்வாவுக்குப் பாதிப் பாரம் குறைந்திருக்கும். அதற்கும் வழியில்லை. வகுப்பில் அத்தனை பேர் இருக்க, ஹெட்விக் தேடிப் பிடித்துத் தோழியாக்கிக்கொண்டது இவளைத்தான்.

"நீ எனக்கு மூளை, நான் உனக்கு வாய். சரியா?" என்பாள். "வாத்தியார்கிட்ட கேக்கணும்னா என்கிட்ட சொல்லு, நான் கேக்கறேன்."

கேட்கவும் செய்வாள். இல்வா மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட சந்தேகத்தை அவள் கை தூக்கிக் கேட்பாள்; வாத்தியார், "அருமையான கேள்வி, ஹெட்விக்" என்பார். ஹெட்விக் திரும்பி இல்வாவைப் பார்த்துக் கண்ணடிப்பாள். இல்வா குனிந்து எழுதிக்கொள்வாள். அருமையான கேள்விக்கான பதிலை.

ஜூலையில் முடிவு வந்தது. வடக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த மருத்துவக் கல்லூரியில் ஹெட்விக்குக்கு இடம் கிடைத்துவிட்டது. இல்வாவுக்குக் காத்திருக்கச் சொல்லி வந்தது. ஆகஸ்டில் இரண்டாவது சுற்று முடிந்தபோது காத்திருப்பவர்களில் முதல் ஆளாக அவள் பெயர் நின்றது. இனி ஒரே வழிதான். முதல் நாள் எல்லாரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். அழைக்கும்போது யார் அந்த அறையில் இல்லையோ அவருடைய இடம் போய்விடும். சுவரோரம் நின்று காத்திருக்கும் முதல் ஆளுக்கு அது கிடைக்கும். எத்தனையோ டாக்டர்கள் அப்படிச் சுவரோரம் நின்று உள்ளே போனவர்கள்தான்.

"ரெண்டு பேரும் என் கார்லயே போறோம்" என்றாள் ஹெட்விக். "நூத்துக்கு மேல பேரு. ஒருத்தனாவது வராம இருப்பான். வேற ஊர்ல இடம் கெடச்சிருக்கும், இல்ல காதலி அழுதிருப்பா. உனக்குக் கண்டிப்பா கெடைக்கும், பாரு."

"கெடைக்கலேன்னா?"

"கெடைக்கலேன்னா அடுத்த வருஷம். நீ சின்னப் பொண்ணுதானே."

பிறகு அவள் போகிற போக்கில் சொன்னது ஒன்று இல்வாவின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. "நான் பேங்க்ல லீவுதான் போட்டிருக்கேன். படிக்கப் போறேன்னா சட்டப்படி குடுத்தாகணும். பிடிக்கலேன்னு வெச்சுக்கோ, கிறிஸ்துமஸுக்குள்ள திரும்பி வந்து என் நாற்காலியிலயே உக்காந்துக்குவேன்."

பிடிக்கலேன்னா. இல்வா அந்தச் சொல்லை இஸ்திரி மேசையில் நின்றபடி பல நாள் மென்றாள்.

அந்த வாரம் அவள் தன் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான காரியம் ஒன்றைச் செய்தாள். கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எந்தக் கட்டடம், காரை எங்கே நிறுத்துவது என்று கேட்க வேண்டியிருந்தது. "நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன ஹெட்விக் பார்த்துக்கொள்ளவில்லை. உலர்த்தும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என்ன சொல்வது என்று பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினாள். எடுத்தவள் குன்னெல் என்ற பெண். அலுவல் குரல்தான், ஆனால் இதமானது.

"ரிசர்வ்ல முதல் ஆளா? அட, நெஞ்சு படபடன்னு இருக்குமே உங்களுக்கு. எங்கேருந்து வர்றீங்க?"

"ஹார்னோசாண்ட். நானும் என் தோழியும். அவளுக்கு இடம் கெடச்சிடுச்சு."

"நல்லது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஒன்பதுன்னா சரியா ஒன்பது. மத்த வகுப்புக்கெல்லாம் வழக்கமா கால் மணி தள்ளித்தான் ஆரம்பிப்பாங்க. பேர் கூப்பிடறதுக்கு அது கெடையாது. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இதுல ஏமாந்து போயிடறாங்க. உங்க தோழிகிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றாள் இல்வா. சொல்லத்தான் நினைத்தாள். அன்று மாலையே சொல்லியிருப்பாள். ஹெட்விக்தான் பேச இடம் கொடுக்கவில்லை. அடுத்த நாள் மறந்து போயிற்று. அதற்கடுத்த நாள் மறந்து போகவில்லை.

கிளம்பிய அன்று விடியலிலேயே ஹெட்விக் கார் வாசலில் வந்து நின்றது. மஞ்சள் மழைக்கோட்டு, புதுத் தோல் பை. பெரிய பாலத்தைக் கடக்கும்போது கீழே கடல் தகரம் போலக் கிடந்தது. சாலையோர பிர்ச் மரங்களில் அங்கங்கே ஒரு கிளை மட்டும் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. ஹெட்விக் துரேவைப் பற்றியும், துரேவின் அம்மாவைப் பற்றியும், வங்கியில் தனக்குக் கொடுத்த வழியனுப்பு கேக்கைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். பாதி தூரத்தில் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். இல்வா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது" என்றாள் ஹெட்விக், சாலையைப் பார்த்தபடி. "லீவு, கிறிஸ்துமஸ்னு சொல்றதெல்லாம் துரேவுக்காக. இல்லேன்னா அவன் பயந்துடுவான். நான் திரும்பிப் போக மாட்டேன்டி. பதிமூணு வருஷம் கண்ணாடி மேசைக்குப் பின்னால உக்காந்து ஜனங்களுக்கு முடியாது, முடியாதுன்னு சொன்னேன். ஒரு நாள் ஒரு கிழவர் எதிர்ல உக்காந்திருக்கும்போதே மயங்கி விழுந்துட்டார். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவர் பேப்பரெல்லாம் பொறுக்கி அடுக்கினேன். அவரைத் தொடத் தெரியல எனக்கு. கைய எங்க வைக்கணும்னு தெரியல. இது கெடைக்கலேன்னா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது."

இல்வா ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எதிரில் மரம் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போயிற்று. அதன் இரைச்சல் அடங்கும்வரை காத்திருப்பதுபோல் இருந்தாள். அடங்கிய பிறகும் அப்படியே இருந்தாள். அவள் நெஞ்சில் அப்போது எழுந்தது என்னவென்று யாரிடமும் சொல்ல முடியாது. இத்தனை நாள் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது: ஹெட்விக்குக்கு இது விளையாட்டு, தனக்குத்தான் உயிர். அந்த ஆறுதலும் இப்போது போயிற்று. மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசையைக்கூட அவள் தன்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். தனக்கு ஒரு ரப்பர் சுத்தியல். அவளுக்கு ஒரு கிழவர்.

"என்னடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"நல்லாச் சொன்ன" என்றாள் இல்வா.

கல்லூரி வளாகத்துக்கு நேரத்தோடு வந்துவிட்டார்கள். கூடத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. நடைவழி முழுக்கப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். புது முதுகுப்பை, புது வெட்கம். ஹெட்விக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தாராளமா நேரம் இருக்கு. எதிர்ல ஒரு காபிக் கடை பாத்தேன். வா, போய்ட்டு வந்துடலாம்."

"கூட்டமா இருக்கு அங்க" என்றாள் இல்வா.

"அதனால என்ன?"

"பேர் கூப்பிடறது ஒன்பதுக்கு."

ஹெட்விக் சிரித்தாள். சுற்றி நின்ற பிள்ளைகளில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒன்பதுன்னா ஒன்பதேகால்டி. யுனிவர்சிட்டில எல்லாமே கால் மணி தள்ளித்தான். நாலு வருஷம் இதுலயே குடியிருந்தவ நான். பாவம், உனக்கு எப்படித் தெரியும், நீ இந்தப் பக்கமே வந்ததில்லையே."

அவள் வாஞ்சையாகத்தான் சொன்னாள். இல்வாவின் கன்னத்தைக்கூட லேசாகத் தட்டினாள்.

சொல்ல வேண்டியது இல்வாவின் நாக்கு நுனிவரை வந்திருந்தது. குன்னெல் என்கிற பெண், அவள் சொன்னது, எல்லாம். அந்தப் 'பாவம்' வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை அவள் வாயடைத்து நின்றிருக்கிறாள்; அப்போதெல்லாம் சொற்கள் வராது, வியர்க்கும், காது அடைக்கும். இப்போது காது அடைக்கவில்லை. சொற்கள் வரிசையாக, தெளிவாக நின்றன. அவள்தான் வாயைத் திறக்கவில்லை.

"உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வர்றேன். பால் ஊத்தித்தானே? ஏலக்காய் பன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஹெட்விக் படியிறங்கினாள்.

கதவு திறந்தது. பிள்ளைகள் உள்ளே போய்ச் சரிவான இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். காத்திருப்பவர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். இல்வாவுக்குப் பக்கத்தில் ஒரு தாடிக்காரன், தெற்கிலிருந்து வந்து காரிலேயே தூங்கி எழுந்தவன், சட்டையைக் கையால் நீவிக்கொண்டிருந்தான்.

"நீங்க எத்தனாவது?" என்று கிசுகிசுத்தான்.

"முதல்."

"குடுத்து வெச்சவங்க. நான் நாலு. நாலு பேருக்கு வயித்தால போகணும்னு வேண்டிக்கிட்டு நிக்கறேன்."

சுவரோரம் நின்ற இடத்திலிருந்து சன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் காபிக் கடை தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நீண்ட வரிசை. அதன் நடுவில் மஞ்சள் மழைக்கோட்டு. ஹெட்விக் முன்னால் நின்ற ஒரு நரைத்த மனிதரிடம் ஏதோ சொல்ல, அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பேராசிரியராக இருக்கலாம். வந்து இறங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டாள். தான் இந்தக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்து முடித்தாலும் அந்த மனிதர் தன்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கப் போவதில்லை என்று இல்வா நினைத்தாள்.

மேடைக்கு ஒரு குள்ளமான பெண் வந்தாள். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. தொலைபேசியில் கேட்ட அதே குரல்.

"காலை வணக்கம். நான் குன்னெல். பேரைச் சொன்னதும் சத்தமா இருக்கேன்னு சொல்லணும். தலையாட்டினா எனக்குத் தெரியாது." சிரிப்பு. "ஆல்ம்கிரேன், ஹெட்விக்."

முதல் பெயரே அது. வேறு ஏதாவது எழுத்தில் தொடங்கும் பெயராக இருந்திருந்தால் கொஞ்சமாவது அவகாசம் இருந்திருக்கும். யாரோ இருமினார்கள். இல்வா சுவரில் முதுகை அழுத்திக்கொண்டாள். சன்னலுக்கு அப்பால் மஞ்சள் கோட்டு ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

"ஆல்ம்கிரேன் இல்லையா? சரி. ஆண்டர்ஸ்பி, லீனுஸ்."

"இருக்கேன்."

பெயர்கள் ஓடின. இருக்கேன், இருக்கேன், இருக்கேன். ஒவ்வொன்றும் ஒரு கதவு சாத்துகிற சத்தமாகத் தாடிக்காரனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தான். இல்வாவுக்கு அந்தப் பெயர்களில் ஒன்றும் காதில் விழவில்லை. இப்போது போனால்கூட முடியும். கதவு பக்கத்தில்தான். ஓடிப்போய் முற்றத்தைக் கடந்து கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஹெட்விக்காக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள், ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு. அதுவும் தெரிந்தது இல்வாவுக்கு. தெரிந்ததும் இன்னும் எரிந்தது. நல்லவளாக இருப்பதுகூட அவளுக்கு எத்தனை சுலபம்.

கடைசிப் பெயரும் முடிந்தது. குன்னெல் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எல்லாரும் வந்திருக்கீங்க, ஒருத்தரைத் தவிர. ஆல்ம்கிரேன், ஹெட்விக். ரெண்டாவது தடவை கூப்பிடறேன். இவங்களை யாருக்காவது தெரியுமா? வந்துக்கிட்டு இருக்காங்களா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடைவழியில் அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பெயருக்குரியவள் அவள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இல்வா தரையைப் பார்த்தாள். தன் காலணி முனையில் ஒரு பிர்ச் இலை ஒட்டியிருந்தது.

"சரி. ரிசர்வ்ல முதல் ஆள். ஷூடின், இல்வா."

தாடிக்காரன் முழங்கையால் இடித்தான். "போங்க, போங்க."

"இருக்கேன்" என்றாள் இல்வா.

தெளிவாக, கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி வந்தது அந்தக் குரல். இப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. மேடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். முன்வரிசையில் காலியாக இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

குன்னெல் வளாகச் சாவிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது பின்பக்கக் கதவு திறந்தது. ஹெட்விக் முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கைகளிலும் காபிக் கோப்பைகள். காகிதப் பை ஒன்றைப் பல்லில் கடித்திருந்தாள். கூடம் நிறைந்திருப்பதைப் பார்த்ததும் ஒரு கோப்பையைச் சுவர்த் திட்டில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும், ஆரம்பிச்சிட்டீங்களா? ஹெட்விக் ஆல்ம்கிரேன்."

குன்னெலின் முகம் வாடியது. "முடிஞ்சிடுச்சுங்க. உங்க பேரை ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

"இன்னும் கால் மணியே ஆகலையே."

"பேர் கூப்பிடறதுக்குக் கால் மணி கெடையாது. மெயில்ல கடைசி வரில இருந்துச்சு. இடத்தைக் குடுத்தாச்சு. கையெழுத்தும் ஆயிடுச்சு. எனக்கே கஷ்டமா இருக்கு, ஆனா நான் ஒண்ணும் செய்ய முடியாது." அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் முன்னிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். குரலில் குற்றச்சாட்டே இல்லை, வெறும் குழப்பம்தான். "ஹார்னோசாண்ட்லேருந்து போன் பண்ணது நீங்கதானே? உங்க தோழிகிட்டயும் சொல்லுங்கன்னு சொன்னேனே. இவங்கதானா அது?"

இல்வாவால் திரும்பாமல் இருக்க முடியவில்லை. ஹெட்விக் மேல் படியில் நின்றாள். அவள் பார்வை முதலில் சுவரோரம் போயிற்று, இல்வா நிற்க வேண்டிய இடத்துக்கு. அங்கே தாடிக்காரன்தான் நின்றான். அங்கிருந்து இறங்கி இறங்கி, முன்வரிசை நாற்காலிக்கு வந்து நின்றது.

இல்வா காத்திருந்தாள். கத்துவாள் என்று நினைத்தாள். அதற்குப் பதிலும் வைத்திருந்தாள்: நீ பேச விட்டாத்தானே. எத்தனை பேர் இருந்தாலும் சொல்லிவிடலாம், இப்போது குரல் இருக்கிறது. ஹெட்விக் ஒரு வார்த்தை பேசினால் போதும்.

ஹெட்விக்கின் வாய் லேசாகத் திறந்திருந்தது. காரில் அந்தக் கிழவரைப் பற்றிச் சொன்னபோது இருந்த முகம். பிறகு அதுவும் மூடிக்கொண்டது. காகிதப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திட்டில் வைத்திருந்த கோப்பையையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் கதவைத் திறக்க வழியில்லாமல் ஒரு நொடி நின்றாள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் தானாக எழுந்துபோய்த் திறந்துவிட்டான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. இப்படி நிற்கும்போதுகூட அவளுக்காக ஒருவன் எழுந்துபோகிறானே என்று இல்வாவுக்குத் தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது.

ஹெட்விக் அந்தப் பையனுக்குத் தலையசைத்துவிட்டு, காபி சிந்தாமல், வெளியே போனாள்.